திண்டுக்கல் பரமேஸ்வரி

ஜூன் 2, திங்கள்

புது வேலையில் முதல் நாள். பத்தொன்பது வருடம் ஒரு வாரப் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்தினேன். வாசகர் கடிதப் பக்கமும் என் பொறுப்புதான். மார்ச்சில் பத்திரிகையை மூடிவிட்டார்கள். இன்று முதல் மதுரை கே.கே. நகரில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில், ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனியில் ‘கன்டென்ட் ரைட்டர்’.

முதலாளி நவநீத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவன் அடித்துக்கொண்டு வரும் சென்ட் ஏசி அறையை விட்டு வெளியே போக வழியில்லாமல் எல்லாவற்றிலும் ஏறியிருக்கிறது. மதியம் என் ரசம் சாதத்திலும் அதே வாசனை.

“ஒரு லீட்கூட வீணாகக் கூடாது” என்று காலையிலிருந்து நான்கு தடவை சொன்னான். பக்கத்து மேஜையில் விளம்பரங்களை ஓடவிடும் பெண் பெனாசிர். அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

“விளம்பரத்தப் பாத்துட்டு தன்னோட போன் நம்பரக் குடுக்குறாங்கல்ல, அவங்கதாங்க்கா லீட். வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருக்குற ஆளு.”

“அப்ப ஆளுன்னே சொல்லலாமே?”

“சொல்லலாம்” என்று சிரித்தாள். “எக்செல்ல அப்படி எழுத மாட்டாங்கக்கா.”

ஜூன் 3, செவ்வாய்

நாற்பத்து நான்கு வயதில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அர்த்தம் எழுதிக்கொள்கிறேன்.

இம்ப்ரெஷன் என்றால் மனதில் பதிவது என்று நினைத்திருந்தேன். இல்லை. விளம்பரம் ஒருவர் கண்ணுக்கு முன்னால் வந்து போனாலே போதும், பதியவே வேண்டாம். லேண்டிங் பேஜ் என்பது அதை அமுக்கியதும் ஆள் போய் விழும் பக்கம். அங்கே விழுந்தவர் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிட்டால் பவுன்ஸ். பந்தைச் சொல்வது மாதிரி சொல்கிறார்கள்.

ஃபனல் மட்டும் எனக்குத் தெரிந்த வார்த்தை, புனல். நவநீத் பலகையில் வரைந்தே காட்டினான். “மேல ஆயிரம் பேர ஊத்துறோம் மேடம். கீழ பத்துப் பேரு சொட்டுவாங்க. அவங்கதான் கஸ்டமர்.”

“மிச்சப் பேரு?”

“திரும்பப் புடிச்சு ஊத்துவோம். எந்தப் பக்கம் போனாலும் நம்ம விளம்பரம் பின்னாடியே போகும். அதுக்குப் பேரு ரீடார்கெட்டிங்.”

பேருந்தில் வரும்போது பக்கத்தில் ஓர் அம்மாள் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தள்ளலுக்கும் யாரோ ஒருவன் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறான் என்று தோன்றியது. என் போனை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

கேஸ் புக் பண்ணினேன். வீட்டுக்காரருக்கு மாதத்துக்கான மாத்திரையும் இன்சுலினும் வாங்கி வந்தாயிற்று. தண்ணீர் கேன்காரன் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

முதல் வேலை வந்துவிட்டது. சமநாடி சூரணம். சர்க்கரை நோய்க்காம். பழுப்புப் பொடி, மூக்கருகே கொண்டுபோனால் பழைய சாக்கு வாசனை. யார் தயாரிக்கிறார்கள் என்று கேட்டதற்கு “கிளையன்ட்” என்றான். அதாவது, விளம்பரம் செய்யச் சொல்லிப் பணம் தருகிறவர்.

இன்றைய பாடம் பெயின் பாயின்ட். வாங்கப்போகிறவருக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். “அந்த எடத்துல வெரல வச்சு அழுத்தணும் மேடம். கத்துற வரைக்கும். அப்புறம் நம்ம பொருளக் காட்டணும்” என்றான் நவநீத். விரலை மேஜைமேல் அழுத்தியே காட்டினான். நகம் வெளுத்துப்போனது.

“சுகர் பேஷன்ட்டுக்கு எங்க வலிக்கும்? யாராச்சும் சொல்லுங்க.”

நான்தான் சொன்னேன். “ஊசி. குத்திக் குத்தி வயிறு கன்னிப்போய், இன்னைக்கு எங்க குத்துறதுன்னு எடம் தேடணும். விசேஷ வீட்டுல பாயசத்த வேணாங்கும்போது எல்லாரும் திரும்பிப் பாக்குறது.”

நவநீத் கை தட்டினான். “இதுதான் மேடம். இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றேன்.

ஜூன் 14, சனி

ஊழியர்களுக்கு ஆளுக்கு இரண்டு டப்பா சூரணம் இலவசம். வேண்டாம் என்றால் தப்பாக நினைப்பார்கள். கொண்டுவந்து ஸ்டூல் போட்டுப் பரணில், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்தேன். அவர் அங்கே கை விட மாட்டார்.

ஜூன் 20, வெள்ளி

டெஸ்டிமோனியல். அதாவது வாங்கிப் பயன்பெற்றவர் தன் வாயால் சொல்வது. “வாங்குனவங்க யாரையாவது கேட்டு எழுதட்டுமா?” என்றேன். நவநீத் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “பொருளே போன வாரம்தான் வந்துச்சு மேடம்.”

ஆகவே ஒருத்தியை உண்டாக்கினேன். திண்டுக்கல் பரமேஸ்வரி, நாற்பத்தெட்டு வயது, வீட்டிலேயே தையல். வாசகர் கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கே வாக்கியம் முடியாமல் தொங்கும், எங்கே சம்பந்தமில்லாமல் மருமகளைப் பற்றி ஒரு வரி வரும், எல்லாம் தெரியும். ஒரு எழுத்துப் பிழையைக்கூட விட்டுவைத்தேன். பத்தொன்பது வருடம் திருத்திய கை, வேண்டுமென்றே ‘ற’ போட வேண்டிய இடத்தில் ‘ர’ போட்டது.

பரமேஸ்வரி ஊசியைக் குறைத்துக்கொண்டதாக எழுதியிருந்தேன். நவநீத் அதை ‘இப்ப ஊசியே நிறுத்திட்டேன்’ என்று மாற்றினான்.

ஜூன் 25, புதன்

ஏ-பி டெஸ்ட் என்றால் ஒரே பொருளுக்கு இரண்டு விளம்பரம் செய்து, பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது என்று அனுப்பிப் பார்ப்பது. முதலாவதில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர். இரண்டாவதில் பரமேஸ்வரி. படத்துக்கு முகம்கூடக் கம்ப்யூட்டர் செய்ததுதான்.

பரமேஸ்வரி மூன்று மடங்கு ஜெயித்தாள். நாற்பதாயிரம் பேர் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார்கள். எங்கள் பத்திரிகை கடைசி வருடம் அதில் பாதிகூட விற்கவில்லை. என் பெயர் அதில் ஒருமுறையும் அச்சானதில்லை. இது சும்மா ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

கீழே நூற்றுக்கணக்கில் கமென்ட். ‘அக்கா நீங்க நல்லா இருக்கணும்.’ ‘அக்கா எங்கம்மா கிட்ட ஒரு வார்த்தை பேசுவீங்களா.’ இதை எங்கேஜ்மென்ட் என்கிறார்கள். நவநீத் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துச் சிரித்தான். அவன் பல்லில் மதியம் தின்ற கீரை ஒட்டியிருந்தது.

ஜூலை 4, வெள்ளி

போனில் பேசும் பெண் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். உசிலம்பட்டியிலிருந்து ஒரு லீட். பெயர் ஒச்சம்மாள். பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் உதவியாளர். ஏற்கெனவே ஒரு டப்பா வாங்கியவள். அடுத்ததற்கு முன் பரமேஸ்வரி அக்காவிடம் பேச வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

“மேடம், நீங்கதான் பரமேஸ்வரி” என்று நவநீத் போனை நீட்டினான்.

பேசினேன். நான்கு நிமிடம் இருக்கும். நல்ல பெண். என்னவோ கேட்டாள், என்னவோ சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தேன்.

ஜூலை 5, சனி

ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்தேன். அடியில் அழுகிய கத்தரிக்காய். கை விரலில் அந்த நாற்றம் மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. “நல்ல நாள்லயே ஃபிரிட்ஜத் தொட மாட்ட, இன்னைக்கு என்ன வந்துச்சு?” என்றார் அவர். சட்டையைத் தூக்கிப் பிடித்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 19, சனி

அலுவலகத்தில் கேக். கன்வர்ஷன் உச்சத்தைத் தொட்டுவிட்டதாம். பார்த்தவர் வாங்குகிறவராக மாறினால் அது கன்வர்ஷன். பத்திரிகையில் அந்த வார்த்தை வந்தால் மதமாற்றம் என்று போடுவோம். பெனாசிரிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அக்கா, இந்தப் பொடியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது” என்றாள். கேக்கைத் தொடாமல் குப்பைக்கூடையில் போட்டாள். நான் என்னுடையதைத் தின்றேன். க்ரீம் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

மத்தியானம் அலுவலக நம்பருக்கு ஓர் ஆண் பேசினார். நான் எடுத்தேன்.

“பரமேஸ்வரி அம்மா நம்பர் வேணுங்க. நான் உசிலம்பட்டி தவசி. ஒச்சம்மா வீட்டுக்காரரு.”

என்ன விஷயம் என்று கேட்டேன்.

“கால்ல சின்னப் புண்ணு இருந்துச்சு. இப்பக் கறுத்துப்போச்சு. மதுரை பெரியாஸ்பத்திரில சேத்திருக்கோம். ரெண்டு வெரல எடுத்துட்டாக. டாக்டரு கண்டபடி ஏசுறாரு, ஊசிய யாரக் கேட்டு நிறுத்துனீகன்னு. இவ பரமேஸ்வரி அக்காவக் கேளுங்கன்னு அவருகிட்டயே சொல்றா. அந்தம்மா ஒரு வார்த்த வந்து சொன்னாப் போதும்ங்க. எதுவும் பிராது பண்ண மாட்டோம்.”

லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நவநீத்திடம் சொன்னேன். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பக்கத்துக்கு அடியில டிஸ்கிளெய்மர் போட்டிருக்கோமே மேடம். டாக்டரக் கேட்டுட்டுச் சாப்பிடுங்கன்னு.”

“எறும்பு மாதிரி எழுத்துல.”

“எழுத்து எழுத்துதானே. அந்த நம்பர பிளாக் பண்ணிடுங்க. ஷீட்ல சர்ன்னு போட்ருங்க.”

இது நோட்டில் இல்லாத வார்த்தை. சர்ன் என்றால் வாங்கிக்கொண்டிருந்த ஆள் வாங்குவதை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். காரணம் எழுத அந்தக் கட்டத்தில் இடம் கிடையாது.

போட்டேன். அந்தக் கட்டத்தில் அதைத் தட்டியது என் விரல்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

வேலைக்குப் போகவில்லை. இதில் எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். மெய்ப்புப் பார்க்கிற பழக்கம், பிழை கண்ணில் பட்டுவிடுகிறது.

ஜூன் 20: நவநீத் எதையும் மாற்றவில்லை. ‘இப்ப ஊசியே நிறுத்திட்டேன்’ என்பது என் வரி. ‘குறைத்தேன்’ என்று முதலில் எழுதியதும் நான்தான், சப்பென்று இருக்கிறது என்று அடித்ததும் நான்தான். அவன் படித்துவிட்டு அப்படியே ஓகே என்றான்.

ஜூலை 4: ஒச்சம்மாள் கேட்டது இது. “அக்கா, ஒங்களப் பாத்து நானும் ஊசிய நிறுத்திரலாமான்னு இருக்கேன். பயமா இருக்குக்கா. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

நான் சொன்னது இது. “எனக்கு ஒண்ணும் ஆகல தங்கச்சி. நல்லாத்தான் இருக்கேன். தைரியமா இரு.”

‘தைரியமா இரு’ என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த இடத்தில் அது பொருத்தமாக இருந்தது. பரமேஸ்வரி அப்படித்தான் பேசுவாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் பினாயிலும் சீழும் கலந்த நாற்றம். முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய், பிறகு இறக்கிவிட்டேன். மூக்கை மூட எனக்கு என்ன தகுதி?

கட்டிலில் சின்ன உருவம். காலில் பெரிய கட்டு. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தவசி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று பேருந்தில் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது.

“ஒச்சம்மா?” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் முகம் விரிந்தது. “அக்கா! பரமேஸ்வரி அக்காதான? கொரலு தெரியாதா எனக்கு? என்னங்க, அக்கா வந்திருக்காக பாருங்க. நான் சொன்னேன்ல, வருவாகன்னு.” எழுந்து உட்காரப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலுக்காரியிடம், “திண்டுக்கல்லுல இருந்து வந்திருக்காக” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை கொதித்தது.

“ஒங்களுக்கு இந்த மாதிரிப் புண்ணு வந்துச்சாக்கா? பொடி வேல செய்யும்போது கெட்டது வெளிய வரும்னு போட்டிருந்துச்சே, அதானே இது?”

அதுவும் நான் எழுதியதுதான்.

“ஒச்சம்மா, பரமேஸ்வரின்னு யாரும் இல்ல” என்றேன். “நான் திண்டுக்கல்லு இல்ல, மதுரைதான். என் பேரு மணிமொழி. அந்தக் கம்பெனில எழுதுற வேல. அந்தக் கடிதம் நான் கற்பனையா எழுதுனது. போன்ல பேசுனதும் நான்தான். எனக்குச் சுகரே கிடையாது.”

அவளுக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறையைவிட அது கஷ்டமாக இருந்தது. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை, மறந்துவிட்டாள் போல. நான்தான் எடுத்துக்கொண்டேன்.

தவசி எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அமைதியாகக் கேட்டார்.

“ஒங்க வீட்டுல யாருக்காச்சும் சுகர் இருக்காம்மா?”

“எங்க வீட்டுக்காரருக்கு. ஏழு வருசமா.”

“அவரு இந்தப் பொடியத் தின்னாரா?”

தவசி என் முகத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். இட்லிப் பொட்டலத்தைத் திரும்பக் கட்டினார்.

ஒச்சம்மாள் நெடுநேரம் மேலே ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்கா என்ற சொல் இல்லாமல் பேசினாள்.

“எங்க பள்ளிக்கூடத்து ஆயா ஒருத்தி. தெருவுல மூணு பேரு. எல்லாத்துக்கும் சுகரு. நான் சொல்லித்தான் வாங்குனாளுக. நான் சொல்லித்தான் நிறுத்துனாளுக. இப்ப நான் போன் பண்ணிச் சொன்னாலும் கேக்க மாட்டாளுக, வெரலு போன வருத்தத்துல ஒளறுறான்னுவாளுக. நீ போ. பரமேஸ்வரி செத்துட்டான்னு சொல்லு. இல்லேன்னு சொல்லு. என்னத்தயாச்சும் சொல்லு. இன்னைக்கே போ.”

தவசி தெருப் பெயரை எழுதித் தந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே உசிலம்பட்டிப் பேருந்து ஏறினேன். நான்கு வீடு. மூன்று பேர் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். அவள் மகனைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலையை விட்டுவிட்டேன். “மேடம், வெளிய போயி ஏதாவது பேசுனீங்கன்னா கேஸ் போடுவேன். எழுதுனது நீங்க, ஞாபகம் வச்சுக்கங்க” என்றான் நவநீத். ஞாபகம் இருக்கிறது என்றேன்.

படியிறங்கும்போது பெனாசிர் பின்னால் வந்து ஒரு பென் டிரைவைக் கையில் திணித்தாள். “வாங்குனவங்க லிஸ்ட். ஆயிரத்து நூத்துச் சொச்சம் பேரு. நாளைக்கு நானும் பேப்பர் போட்றேன்க்கா. அதுவரைக்கும் என் பேரச் சொல்லாதீங்க.”

சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து இரண்டு டப்பாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்குக் குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு ஒனக்கு” என்றார். அப்புறம் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் டப்பா, விளம்பரம், கடிதம் எல்லாவற்றையும் கொடுத்துப் புகார் எழுதித் தந்தேன். அதிகாரி படித்துவிட்டு, “இதுல ஒங்க மேலயே ஒங்க புகார் இருக்கே?” என்றார். ஆமாம் என்றேன். ஒச்சம்மாளுக்கு இன்னொரு விரலையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று தவசி சொன்னார். என் போனை எடுக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார், வைத்துவிடுகிறார்.

லிஸ்டில் இருப்பவர்களுக்கு வரிசையாகப் பேச ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இருநூற்றுப் பதினாறு பேர் முடிந்தது. பலர் எடுப்பதில்லை. எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு நம்பிக்கையில்லை. “நீங்க எந்த எதிரிக் கம்பெனி?” என்று ஒருவர். “பரமேஸ்வரி அம்மா இல்லையா? நான் படிச்சேனே, அவுங்க மருமக பத்தியெல்லாம் எழுதியிருந்தாங்களே” என்று ஒரு டீச்சர் என்னோடு சண்டைக்கு வந்தார். பொய்யை அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் வாய் குழறுகிறது.

அவர் அலுவலகம் கிளம்பும்போது, “சாப்பிட்டுட்டுப் பேசு, தொண்ட கட்டிக்கிச்சு” என்றார். ஆறு நாள் கழித்து முதல் வார்த்தை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. பக்கத்துப் பள்ளியில் மைக் செட். ஜன்னலைச் சாத்திவிட்டுக் காலையிலிருந்து பேசினேன்.

பதினொரு மணிக்குப் போடியிலிருந்து ஒரு பெண் எடுத்தாள். வழக்கம்போல எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயர், நான் எழுதியது, பரமேஸ்வரி இல்லை என்பது, ஒச்சம்மாளின் கால். அவள் குறுக்கே பேசவில்லை. நடுவில் வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், இல்லை. குக்கர் விசில் கேட்டது, யாரோ குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது.

பிறகு கேட்டாள். “நான் நிறுத்தி இருபது நாளாச்சுங்க. இப்ப ஊசியத் திரும்பப் போட்டுக்கிறலாமா? பழைய அளவே போடவா, கொறச்சுப் போடவா?”

எனக்குப் பதில் தெரியும் போலத்தான் இருந்தது. வீட்டில் ஏழு வருடமாகப் பார்க்கிறேன். ஒச்சம்மாளிடம் பேசிய அன்றைக்குப் போலவே நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“அத நான் சொல்லக் கூடாதும்மா” என்றேன். “நான் டாக்டர் இல்ல. அடுப்ப அணைச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. லீவு நாள்னாலும் அவசர சிகிச்சைல ஆள் இருப்பாங்க. போய்ச் சேர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்.”

“சரி, இருங்க” என்றாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.